மலையகத்திலிருந்து கிக்ஸ்டார்ட்டருக்குப் பணம் போடும் பெற்றோருக்கு

2022 பெப்ரவரியில், என் மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, புதிய பொருளைச் செய்வதற்குப் பலரிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டரில் ஒரு கதை விளையாட்டுப் புத்தகத்துக்குப் பணம் போட்டேன். புத்தகம் கைக்கு வந்தது 2024 ஜனவரியில். இடையில் ரூபா விழுந்தது, வங்கி அட்டை மறுக்கப்பட்டது, பொதி ஒருமுறை வந்த வழியே திரும்பிப் போனது. ரூபா விழுந்ததைத் தவிர மற்றவை எல்லாம் என் அறியாமையால் நேர்ந்தவை. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்தில் இதே ஆசையோடு இருக்கும் அம்மா அப்பாக்கள் அதே குழியில் விழ வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இந்தக் கதை விளையாட்டை ஆங்கிலத்தில் ஆர்.பி.ஜி. (ரோல்-பிளேயிங் கேம்) என்பார்கள். அது என்னவென்று தெரியாமல் வந்தவர்களுக்கு: மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத இடத்தில் பகடை உருட்டி முடிவு காணும் விளையாட்டு. கணினி தேவையில்லை. மழைக்காலத்தில் மின்சாரம் போன இரவுகளுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு எனக்குத் தெரியாது. சிறுவர்களுக்கான புதிய விளையாட்டுகளில் பல, சிறிய பதிப்பாளர்களால் இப்படி முன்கூட்டியே பணம் திரட்டித்தான் அச்சாகின்றன.

1. முதலில் ஒரு சதமும் செலவில்லாமல் விளையாடுங்கள்

ஆர்.பி.ஜி.களில் பெயர்பெற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் அடிப்படை விதிகள் அடங்கிய ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. யாரும் இலவசமாகத் தரவிறக்கலாம். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டுத் தமிழிலும் பெயர்க்கலாம். பணம் திரட்டும் விளையாட்டுகளில் பலவும் இருபது முப்பது பக்கத்தில் ஒரு மாதிரிப் பிரதியை இலவசமாகத் தருகின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள். மாதிரி இல்லாத விளையாட்டுக்கு நான் இப்போது பணம் போடுவதில்லை.

இருபது முகப் பகடைக்கு எங்கே போவது என்று திகைக்க வேண்டாம். ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகளை ஒரு பால்மா டின்னில் போட்டுக் குலுக்கி எடுத்தால் அதே வேலை நடக்கும். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மூன்று மாதம் அந்த டின்தான் பகடை. குகை வாசலில் காவல் நின்ற பூதத்தோடு சண்டை போடாமல், அதற்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துப் பேரம் பேசலாமா என்று என் மகன் கேட்டான். சீட்டில் பத்தொன்பது என்ற பெரிய எண் வந்தது, பேரம் பலித்தது. பூதம் சீனி கேட்டது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தமிழ்வழிக் கல்வியில் படிக்கும் பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தை வாசித்து விளையாடப்போவதில்லை. நீங்கள்தான் வாசித்து, தமிழில் நடத்தப்போகிறீர்கள். அந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் இந்தக் கட்டுரையின் மிகுதியை வாசிக்கத் தேவையில்லை.

2. அது கடை இல்லை

கிக்ஸ்டார்ட்டரில் நீங்கள் பொருள் வாங்குவதில்லை; ஒருவர் ஒரு பொருளைச் செய்வதற்குப் பணம் கொடுக்கிறீர்கள். திட்டம் அதிகபட்சம் 60 நாள் ஓடும். இலக்குத் தொகை சேராவிட்டால் உங்கள் அட்டையிலிருந்து எதுவும் எடுக்கப்படாது. சேர்ந்தால், கடைசி நாளில் எடுக்கப்படும். அதுவரை மனம் மாறினால் பொதுவாக விலகிக்கொள்ளலாம். அதன் பிறகு பணத்தைத் திருப்பித் தருவது படைப்பாளரின் கையில்தான் இருக்கிறது, தளம் அதற்குப் பொறுப்பேற்காது. ஒரு பலகை விளையாட்டுக்காக ஓர் இலட்சத்துச் சொச்சம் டொலர் திரட்டிவிட்டு விளையாட்டைக் கொடுக்காத ஒருவர்மீது 2015-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குத் தொடுத்தது. ஹட்டனில் இருந்துகொண்டு நாம் யாரைத் தேடிப் போவது?

ஆகவே பணம் போடுமுன் மூன்றைப் பாருங்கள். எழுத்து வேலை முடிந்துவிட்டதா, அல்லது முடியப்போகிறதா? முடிந்தது என்று எழுதியிருந்தால் பாதி ஆபத்துப் போய்விட்டது. இதே ஆள் இதற்கு முன் திட்டம் நடத்தியிருக்கிறாரா? நடத்தியிருந்தால் அந்தப் பழைய திட்டத்தின் பக்கத்துக்குப் போய், பணம் போட்டவர்கள் என்ன முறைப்பாடு சொல்லியிருக்கிறார்கள் என்று வாசியுங்கள். தாமதம் எல்லோருக்கும் வரும். தாமதமானபோது அவர் பேசினாரா, மௌனமாகிவிட்டாரா என்பதுதான் கேள்வி. மூன்றாவது, உள்பக்கங்களைக் காட்டுகிறாரா? அட்டைப்படம் மட்டும் பளபளவென்று இருந்து உள்ளே ஒரு பக்கம்கூடக் காட்டாத திட்டத்தை விட்டுவிடுங்கள்.

பெற்றோருக்கென்று ஒரு பொறி தனியாக இருக்கிறது. விநியோகத் திகதி என்று போட்டிருப்பது மதிப்பீடு மட்டுமே. அதோடு ஒரு வருடத்தைக் கூட்டிக்கொள்வது என் வழக்கம். எட்டு வயதுப் பிள்ளைக்கென்று போட்ட விளையாட்டு பத்து வயதில் வந்து சேர்ந்தது. மகள் அட்டையைப் பார்த்துவிட்டு, “இது தம்பிக்குத்தானே, அப்பா?” என்றாள். இன்றைய வயதுக்குப் போடாதீர்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எந்த வருடம் வருகிறது என்பதையும் கூடவே எண்ணிப் பாருங்கள். அந்த வருடத்தில் வரும் விளையாட்டு அலுமாரிக்குத்தான் போகும்.

3. பிடிஎஃபா, புத்தகமா?

முதல் முறை என்றால் பிடிஎஃப் மட்டும் வாங்குங்கள். நான் பார்த்த திட்டங்களில் பிடிஎஃப் 10 முதல் 25 டொலர் வரை. கெட்டி அட்டைப் புத்தகம் 40 முதல் 60 வரை, அனுப்புகூலி வேறு. பிடிஎஃப் பெரும்பாலும் புத்தகத்துக்கு மாதக்கணக்கில் முன்னரே வந்துவிடும். சுங்கம் இல்லை, தபால் இல்லை, பூஞ்சணம் இல்லை. கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள்: மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் பக்கத்து ஈரத்தில் நல்ல தாள் புத்தகம்கூட ஓரம் சுருண்டுவிடும்.

பிடிஎஃபை முழுதாக அச்சிடவும் வேண்டாம். பாத்திரத் தாள்கள், வரைபடம், விதிச் சுருக்கம் என்று முப்பது பக்கம் போதும். டவுன் கொமியூனிகேஷன் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்துச் சுருள் பைண்டிங் போட்டுக்கொள்ளலாம். கடைக்காரர் தயங்கினால், சொந்தப் பாவனைக்கு அச்சிட அனுமதி உண்டு என்று பிடிஎஃபின் முதல் பக்கங்களில் இருக்கும் வரியைக் காட்டுங்கள். பல பதிப்பாளர்கள் அப்படி ஒரு வரி போடுகிறார்கள்.

சிறிதாகத் தொடங்க விரும்பினால் பெப்ரவரி மாதத்தைக் கவனியுங்கள். 2019 முதல் கிக்ஸ்டார்ட்டரில் ‘ஸீன் குவெஸ்ட்’ என்ற பெயரில், மெல்லிய கைப்புத்தக அளவு விளையாட்டுகளுக்கான பருவம் ஒன்று நடக்கிறது. ஒருவரோ இருவரோ எழுதிய சிறிய விளையாட்டுகள், விலையும் சிறியது, சொன்ன காலத்தில் முடிப்பதும் அவர்களுக்கு எளிது.

4. முழுச் செலவையும் ரூபாவில் எழுதுங்கள்

திட்டப் பக்கத்தில் 45 டொலர் என்று இருப்பதைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். புத்தகம் 45. இலங்கைக்கு அனுப்புகூலி 32. மொத்தம் 77 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 23,100. வங்கியின் வெளிநாட்டு நாணயக் கட்டணங்களுக்கு நான் 5 வீதம் சேர்க்கிறேன். சரியான வீதம் உங்கள் வங்கியின் கட்டணப் பட்டியலில் இருக்கும். ஆக, 24,255 ரூபா. சுங்கத்தில் ஏதும் கேட்டால் அது இதற்கு மேல்.

என் அம்மா நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். எந்த விலையையும் அவர் ‘பேர்’ கணக்கில்தான், அதாவது எத்தனை நாள் வேலைச் சம்பளம் என்றுதான் பார்ப்பார். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்ட பிறகு நான் இந்தத் தாளை அவர் முன்னால் வைத்தேன். விரலை மடக்கி எண்ணிவிட்டு, “பதினெட்டுப் பேர். ஒரு மாதத்துக்கே எனக்கு அதைவிடக் குறைவாகப் பேர் விழுந்திருக்கிறது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வருடம் நான் பிடிஎஃபோடு நின்றுகொண்டேன்.

அனுப்புகூலியில்தான் பெரிய பொறி. பல திட்டங்கள் அதைத் தொடக்கத்தில் வாங்குவதில்லை. மாதங்கள் கழித்து, பேக்கர்கிட் போன்ற வேறொரு தளத்தின் வழியாக அன்றைய விலையில் வாங்குகின்றன. 2022 பெப்ரவரியில் நான் பணம் போட்டபோது டொலர் 200 ரூபாவைச் சுற்றி இருந்தது. மே மாதத்தில் அனுப்புகூலி 28 டொலர் கேட்டு மின்னஞ்சல் வந்தபோது அது 360-ஐத் தொட்டிருந்தது. 5,600 ரூபா என்று மனதில் வைத்திருந்தது பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்த மாதம் வீட்டில் எரிவாயுவும் இல்லை, பெட்ரோலும் இல்லை. பாதிப் பணத்தைக் கட்டிவிட்டு மீதிக்காகப் புத்தகத்தை விட்டுவிடவா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆகவே திட்டப் பக்கத்தில் அனுப்புகூலி என்ற பகுதியைத் தேடி, இரண்டு விஷயத்தை உறுதிசெய்யுங்கள்: இலங்கைக்கு அனுப்புகிறார்களா, கூலி இப்போதா பிறகா. இலங்கையின் பெயர் பெரும்பாலும் தனியாக இருக்காது; ‘உலகின் ஏனைய நாடுகள்’ என்ற வரியில் பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால் அனுப்பமாட்டார்கள் என்று பொருள். ஒரு செய்தி எழுதிக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

லண்டனிலோ டொரொன்டோவிலோ சொந்தக்காரர் இருந்து, அவர் வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருபவராகவும் இருந்தால், அவர் முகவரிக்கு அனுப்பச் செய்து பயணப்பெட்டியில் கொண்டுவரச் சொல்வதுதான் மலிவு. ஒன்றரைக் கிலோப் புத்தகத்தைச் சுமக்க அவர் சம்மதிக்கிறாரா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் மனஸ்தாபம் வரும்.

5. வங்கி அட்டை

கிக்ஸ்டார்ட்டர் பேபாலை ஏற்பதில்லை. விசா, மாஸ்டர்கார்ட் அட்டைகள் போதும். டெபிட் அட்டையும் வேலை செய்யும். ஆனால் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு உங்கள் அட்டையில் திறந்திருக்கிறதா என்று வங்கிக் கிளையிலோ செயலியிலோ முதலில் பாருங்கள். என் அட்டை மூடியிருந்தது; எனக்குத் தெரியாது.

பணம் போடும்போது வங்கியிலிருந்து குறுஞ்செய்தியில் ஓர் எண் வரும். சில நிமிடத்தில் அது காலாவதியாகிவிடும். எங்கள் வீட்டில் சிக்னல் வருவது சமையலறை ஜன்னலோரம் மட்டும்தான். ஆகவே நான் மடிக்கணினியை அம்மிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உலகச் சந்தையில் பணம் போடுகிறேன். உங்கள் வீட்டிலும் அந்த இடம் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

திட்டம் முடியும் நாளில் அட்டையில் பணம் இருக்க வேண்டும். பணம் போட்ட நாளில் இருந்தால் போதாது. நியூயோர்க்கில் கோடைகால நண்பகல் என்றால் இங்கே இரவு ஒன்பதரை. முடியும் நேரத்தைக் கலண்டரில் நம் நேரப்படி எழுதிவையுங்கள். அட்டை மறுக்கப்பட்டால் பதற வேண்டாம், சரிசெய்ய ஏழு நாள் தருவார்கள். அதற்குள் வேறு அட்டையைக் கொடுக்கலாம். ஏழு நாளும் தவறினால் உங்கள் இடம் போய்விடும்.

6. பெயரும் முகவரியும்

நான் அதிகம் இழந்தது இங்கேதான்.

பிறந்து வளர்ந்த தோட்டத்து முகவரியைத்தான் முதலில் கொடுத்தேன். லயத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கென்று தனி முகவரி கிடையாது என்பது நமக்கெல்லாம் தெரியும். தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அதற்குப் பிறகு அலுவலகத்தில் யாராவது கூப்பிட்டுக் கொடுத்தால் கடிதம். பொதி வந்திருக்கிறது என்ற சீட்டு தோட்ட அலுவலகத்து மேசையில் பல வாரம் கிடந்தது. நான் அதைப் பார்த்தபோது திகதி கடந்துவிட்டது, பொதி கடல் தாண்டிப் போய்விட்டது. திரும்ப அனுப்புவதற்கு இன்னொரு முறை கூலி கட்டினேன். தோட்டத்தில் இருப்பவர்கள் டவுனில் கடை வைத்திருக்கும் உறவினரின் முகவரியையோ வேலைத்தலத்தின் முகவரியையோ கொடுங்கள். கடைக்காரரிடம் பெயரைச் சொல்லிவையுங்கள்.

படிவத்தில் முகவரியை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். மாகாணம் கேட்டால் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் மத்திய மாகாணம், பண்டாரவளைக்கும் பதுளைக்கும் ஊவா. தபால் குறியீட்டை விட்டுவிடாதீர்கள்: ஹட்டன் 22000, நுவரெலியா 22200. தொலைபேசி எண்ணில் முதல் பூச்சியத்தை எடுத்துவிட்டு முன்னால் 94 சேர்க்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் இன்னொரு சிக்கல். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கோ தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும்தான். எந்தக் கட்டத்தில் எதைப் போட்டாலும் பரவாயில்லை, ஆனால் இரண்டும் தேசிய அடையாள அட்டையில் இருப்பதுபோலவே இருக்கட்டும். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிட்டுத் தபாலகத்தில் நின்று, அது நான்தான் என்று நிரூபிக்கப் பாடுபட்டவன் சொல்கிறேன்.

7. கேள்விப் படிவ மின்னஞ்சல்

திட்டம் வென்ற பிறகு முகவரி கேட்டு ஒரு மின்னஞ்சல் வரும். சில நேரம் ஒரு மாதத்தில், சில நேரம் ஒரு வருடத்தில். அதற்குப் பதில் எழுதாதவருக்குப் புத்தகம் வராது. வேண்டாத அஞ்சல் பெட்டியை மாதம் ஒருமுறை பாருங்கள். அதே படிவத்தில் பகடை, வரைபடத் துணி, கதை நடத்துபவருக்கான மறைப்புத் திரை என்று மேலதிகப் பொருட்களை ஆசைகாட்டுவார்கள். வேண்டாம் என்று அழுத்திவிட்டுப் போங்கள். காரணம் அடுத்த பகுதியில்.

8. சுங்கமும் தபாலகமும்

வெளிநாட்டுப் பொதி கொழும்பில் சுங்கத்தின் பார்வைக்குப் போய்த்தான் நம் தபாலகத்துக்கு வரும். புத்தகம் சுங்க வகைப்பாட்டில் 49.01, பகடையும் விளையாட்டு அட்டைகளும் 95.04. இரண்டுக்கும் வரி ஒன்றல்ல. புத்தகம் மட்டுமே உள்ள பொதி ஒரு மாதிரி, பகடையும் அட்டையும் கலந்த பெட்டி வேறு மாதிரி. வீதங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் சுங்கத் திணைக்களத்தின் இணையதளத்தில் உள்ள வரிப் பட்டியலில் இந்த இரண்டு எண்ணையும் பணம் போடும் வாரத்திலேயே பாருங்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் வரியின் பொது வீதம் 18 என்பதையும் மறக்க வேண்டாம். பெட்டி விளையாட்டு என்றால் விலையில் மூன்றில் ஒரு பங்கை நான் தனியாக எடுத்துவைக்கிறேன். மிஞ்சினால் சந்தோஷம்.

‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். மதிப்பைக் குறைத்துக் காட்டிய பொதி மாட்டினால் நட்டம் உங்களுக்குத்தான்.

தபாலகத்துக்குப் போகும்போது: வந்த சீட்டு, அடையாள அட்டையும் அதன் பிரதியும், கிக்ஸ்டார்ட்டரில் பணம் எடுக்கப்பட்டதாக வந்த மின்னஞ்சலின் அச்சு, அனுப்புகூலி தனியாகக் கட்டியிருந்தால் அதன் பற்றுச்சீட்டு. விலைக்குச் சான்று கேட்டால் கைப்பேசியைக் காட்டுவதைவிடத் தாள் கொடுப்பது விரைவு. சில்லறையாகப் பணம் கொண்டுபோங்கள். வேறொருவரை அனுப்பினால் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றும் இரண்டு பேருடைய அடையாள அட்டைப் பிரதிகளும் கொடுத்துவிடுங்கள். சீட்டில் உள்ள திகதியைத் தாண்டவிடாதீர்கள். கண்காணிப்பு எண் தந்திருந்தால், கொழும்புக்கு வந்துவிட்டது என்று காட்டிய பிறகு வாரத்துக்கு ஒருமுறை தபாலகத்தில் நேரில் கேளுங்கள். சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

9. பிரிக்கும்போது

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடாதீர்கள், எவ்வளவு குதித்தாலும். பொதியின் நான்கு மூலையையும் படம் எடுத்து, பிறகு பிரித்து, புத்தக மூலைகளையும் படம் எடுங்கள். என் பொதி நனைந்து வந்திருந்தது. கீழ் மூலை ஊறி, கடைசி எட்டுப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தன. அன்றிரவே ஆறு படங்களோடு படைப்பாளருக்கு எழுதினேன். மாற்றுப் புத்தகம் அனுப்பினால் கூலி அவருக்குப் புத்தக விலையைவிட அதிகமாகும் என்று எனக்கும் தெரியும் என்பதால், வேண்டுமானால் அடுத்த விளையாட்டின் பிடிஎஃப் போதும் என்று கடைசி வரியில் சேர்த்தேன். இரண்டு நாளில் இணைப்பு வந்தது. ஒட்டிய பக்கங்களுக்கிடையில் பழைய பத்திரிகைத் தாளைச் செருகி, மேலே அரிசி மூட்டையை வைத்தோம். எட்டில் ஆறு பிரிந்தன.